உப்புக்காற்று அடிக்கிற வீட்டுக்கு எந்த சிபியு கூலர்?

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைச் சூடேறாமல் காக்கிற சிபியு கூலர்களைச் சோதித்துப் பார்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏசி போட்ட அறையில் சோதிக்கிறார்கள். அறையின் சூடு 21, 22 டிகிரி என்று ஓரமாக ஒரு வரி இருக்கும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். சித்திரை மாதப் பிற்பகலில், காங்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற என் அறையில் தெர்மாமீட்டர் 35 காட்டும். இரவு பத்து மணிக்கும் பெரிதாக இறங்கியிருக்காது.

காற்றால் குளிர்விக்கிற எந்தக் கூலரும் ப்ராசஸரை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்தி வைக்கிறது என்பதுதான் அதன் திறமை. 22 டிகிரி அறையில் 68 காட்டுகிற கூலர், அதே வேலைக்கு 35 டிகிரி அறையில் 81 பக்கம் போய் நிற்கும். கூலரில் கோளாறு எதுவும் இல்லை, கணக்கே அப்படித்தான். ஆனால் நம்மை வாட்டுகிற புழுக்கம் ப்ராசஸரை வாட்டாது. நமக்கு வியர்வை உலர வேண்டும், காற்றில் ஈரம் கூடினால் தவித்துப்போகிறோம். உலோகத்துக்கு அந்தத் தேவை கிடையாது, காற்று எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. மதுரை அளவுக்கு இங்கே பகல் வெயில் ஏறுவதும் இல்லை. வெறும் சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் பாடு பரவாயில்லை. நம்மூர்ப் பிரச்சினை உப்பு. அதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால், தனிக் கூலர் வாங்கத்தான் வேண்டுமா என்பதைப் பார்த்துவிடலாம். நான் பாம்பனில் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா வீடியோக்களை எடிட் செய்கிறேன். நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மெஷினில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 ப்ராசஸர் இருக்கிறது. அதன் பெட்டிக்குள்ளேயே ரெய்த் ஸ்டெல்த் என்ற சின்னக் கூலர் வரும். டிடிபி வேலை, அக்கவுண்ட்ஸ், ஆன்லைன் வகுப்பு, அவ்வப்போது கேம் என்றால் அதுவே போதும், பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றி எடுக்கிற ரெண்டர் போடுகிறவர்கள் கதை வேறு. மூன்று மணி நேர முகூர்த்த வீடியோவை ரெண்டருக்கு விட்டால் ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கிற ஆறு கோரும் மூச்சு விடாமல் ஓடும். 5600 தன் கணக்கில் 65 வாட் என்று சொல்லிக்கொண்டாலும் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். அதன் உச்ச வரம்பு 90 டிகிரி. 35 டிகிரி அறையில் அந்தச் சின்னக் கூலர் வரம்புக்குக் கிட்டத்தில் போய்க் கத்த ஆரம்பிக்கும். வரம்பைத் தொட்டால் ப்ராசஸர் எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரெண்டர் நேரம் நீளும், அவ்வளவுதான். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் அந்தச் சத்தம்தான் பெரிய தொல்லை.

இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் வாங்குகிறவர்களுக்கும் இதே யோசனைதான். அதற்கும் பெட்டியிலேயே கூலர் உண்டு. அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட் என்று இன்டெலே சொல்கிறது. ரைசன் 7 5700எக்ஸ் போன்ற சிலவற்றுக்குப் பெட்டியில் கூலரே கிடையாது, கட்டாயம் தனியாக வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கையில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. இந்தப் பணத்துக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றும், சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற நான்கு ஹீட் பைப்பும் வைத்து, தகடுகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிய ஒற்றைக் கோபுரக் கூலர் கிடைக்கும். டீப்கூல் ஏஜி400, ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எல்லாம் இந்த வகைதான். 65 வாட் ப்ராசஸருக்கு இவற்றில் எதுவுமே தாராளம். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் வரும். அந்த இரண்டு டிகிரிக்காக இரவெல்லாம் வீடியோ பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் கடற்கரையில் எது ஐந்தாறு வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று பாருங்கள். அதைச் சொல்கிற விமர்சனம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

கூலரின் தகடுகள் அலுமினியம். அவற்றை ஊடுருவிப் போகிற பைப் செம்பு. பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். என் பழைய மெஷினிலிருந்து கழற்றிய கூலரை அவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, செம்பையும் அலுமினியத்தையும் ஒட்ட வச்சு நடுவுல உப்புத் தண்ணியக் காட்டுனா அலுமினியந்தான் போவும். படகுக்கு அடியில ஜிங்க் கட்டி மாட்டுறோம்ல, அதே சங்கதிதான்" என்றார். ப்ரொபெல்லரும் ஷாஃப்டும் அரிக்காமல் இருக்கட்டும் என்று அந்த ஜிங்க்கைப் பலி கொடுக்கிறார்கள். கூலரில் பலியாவது தகடு. அவர் கையில் இருந்ததில் தகடுகளின் வெட்டு விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. ஜன்னல் பக்கம் பார்த்திருந்த பாதியில் பொடி அதிகம், சுவர்ப் பக்கம் குறைவு. பைப் நுழைகிற துளையைச் சுற்றியும் அதே பொடி வளையம். அந்த இடம்தான் முக்கியம். பைப் கொண்டுவருகிற சூடு தகட்டுக்கு மாறுவது அங்கேதான். அந்தப் பிடி தளர்ந்தால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிரயோஜனம் கிடையாது.

இந்த உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாடு குறையும். உலர்ந்த உப்பு உலோகத்தை அரிக்காது, ஈரம் சேர வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு வந்தால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே தண்ணீர் இழுக்கும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல் உப்புச் சாடி தானாகவே கசிந்து நிற்பதைப் பார்க்காத வீடு வாலிநோக்கத்தில் கிடையாது, தங்கச்சிமடத்திலும் கிடையாது. அதே கசிவு கம்ப்யூட்டர் பெட்டியான கேபினெட்டுக்குள்ளேயும் நடக்கிறது.

ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடப்பதில்லை. உள்ளே காற்று சூடாகிறது, சூடான காற்றில் ஈரப்பதத்தின் சதவீதம் இறங்கிவிடும், கூலர் தகடும் காய்ந்து கிடக்கும். அரிப்பு நடப்பது மெஷின் அணைந்து கிடக்கும் நேரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லை என்று இரண்டு வாரம் தொடாமல் போட்டு வைக்கிறோமே, அப்போதுதான் அலுமினியம் பொடியாகிறது. அதனால் மழை மாதங்களில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன். கரண்டுச் செலவு கொஞ்சம்தான். மதர்போர்டுக்கும், கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதுவே காப்பு.

பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பின் பலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இரும்பைப் பெரிதாகப் போட்டால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை, பூச்சுக்குச் செலவு செய்தார்கள். கூலர் வாங்கும்போதும் நான் பூச்சைத்தான் பார்க்கிறேன். ஒரே கூலர் வெறும் அலுமினியத் தகட்டோடும் வரும், தகடு, பைப் எல்லாம் கறுப்புப் பூச்சு பூசியும் வரும். ஏகே400இல் ஜீரோ டார்க் என்ற பெயரில் முழுக் கறுப்பு இருக்கிறது. பலர் அதை அழகுக்காக வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் அது அழகு விஷயம் கிடையாது. பூச்சு நிற்கிற வரைக்கும் உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தொடாது. பைப்புக்கு நிக்கல் முலாம் பூசியிருந்தால் அதுவும் நல்லது. முந்நூறு, நானூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். கலர் கலராக எரிகிற லைட்டுக்கு அதே நானூறைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஹீட் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதைச் செம்புக் கம்பி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது உள்ளே வெற்றான குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளியூண்டு தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, மேலே போய், தகட்டுப் பக்கம் குளிர்ந்து, உள்சுவரில் இருக்கிற திரி போன்ற படலத்தின் வழியாகத் திரும்ப இறங்கும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதை விண்வெளி வேலைக்காகச் செய்து காட்டினார். அந்த நுட்பம் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குப் பாம்பனுக்கு கூரியரில் வந்து இறங்குகிறது. எனக்கு இதில் இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை. தண்ணீர் மூடிக் கிடப்பதால் மேலே துளை விழாத வரை பைப் கெடாது. தகட்டை உப்பிடமிருந்து காப்பாற்றிவிட்டால், ஆயுள் குறைகிற சாமான் ஃபேன் மட்டும்தான்.

அதனால் ஃபேனைக் கவனித்து வாங்குங்கள். 120 மில்லிமீட்டர் சதுரம், 25 மில்லிமீட்டர் கனம் என்ற சாதாரண அளவாக இருக்க வேண்டும். கம்பிக் கிளிப்பில் மாட்டுகிற வகையாக இருக்க வேண்டும். நாளைக்கு ஃபேன் போனால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ, யாராவது சென்னை போனால் ரிச்சி தெருவிலோ ஒரு ஃபேனை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கூலரோடு ஒட்டிப் பிறந்த மாதிரி வினோத வடிவ ஃபேன் வந்தால் முழுக் கூலரையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். ஃபேனின் அச்சு சுழல்கிற பேரிங் ஸ்லீவ் வகை என்று எழுதியிருந்தால் தவிர்க்கலாம், வெக்கையில் அதன் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும். எஃப்டிபி என்கிற ஃப்ளூயிட் பேரிங் நம் சூட்டுக்கு நல்லது. நான்கு பின் வயர் இருந்தால் மதர்போர்டு தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மூன்று பின் இந்த வேலைக்கு வேண்டாம்.

அக்கா மகன் உச்சிப்புளியில் இருக்கிறான், இன்ஜினியரிங் படிக்கிறான், 5700எக்ஸ் வாங்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, வாட்டர் கூலிங் போட்டா இன்னும் குளிர்ச்சியா இருக்கும்ல?" என்று கேட்டான். "இருக்கும் மாப்ள. ஆனா அதோட ரேடியேட்டர் தகட்டப் பாத்தியா, நம்ம கூலர் தகட்டவிட மெல்லிசு. அதையும் உப்பு திங்கத்தான் செய்யும். மேல பம்பு வேற ஒண்ணு இருக்கு. அது நின்னா அன்னைக்கு மெஷினே நின்னுரும்" என்றேன். காற்றுக் கூலரில் ஃபேன் நின்றுபோனாலும் கேபினெட் ஃபேன் காற்றில் சின்ன வேலைகளை ஓட்டலாம், புது ஃபேன் வரும் வரை சமாளிக்கலாம். அவனுடைய 76 வாட் ப்ராசஸருக்கு அவ்வளவு செலவு தேவையும் கிடையாது. கறுப்புப் பூச்சுள்ள ஒற்றைக் கோபுரம் ஒன்றைத்தான் அவனுக்குப் பூட்டினோம்.

பூட்டும் முறையும் விலையைப் போலவே முக்கியம். இன்டெல் மதர்போர்டுக்கு வருகிற சில மலிவுக் கூலர்களில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசியை அழுத்திப் பூட்டுகிற ஏற்பாடு இருக்கும். அரைக் கிலோவுக்கு மேல் இருக்கிற கோபுரத்தை அந்த ஊசியை நம்பித் தொங்க விடக் கூடாது. பின்பக்கம் தகடு வைத்து ஸ்க்ரூவால் இறுக்குகிற மாதிரி வாங்குங்கள். 5600, 5700எக்ஸ் உட்காருகிற ஏஎம்4 வகை போர்டில் மேலே இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது பின்னால் இருக்கிற தகடு கையில் வந்துவிடும், அதைப் பத்திரமாக எடுத்து அதையே திரும்பப் பயன்படுத்த வேண்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வைக்கிற, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

பழைய கூலரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் அடிப்பக்கம் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு, கூலரை இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். மெஷினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பேஸ்ட் விட்ட பிறகு எடுக்க வேண்டும். அவசரம் கூடாது.

உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஏஜி400 150 மில்லிமீட்டர், ஏகே400 155. கேபினெட்டின் விவரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கூலர் வரை உள்ளே போகும் என்று போட்டிருப்பார்கள். சிறிய கேபினெட்டுகளில் ஐந்து மில்லிமீட்டர் குறைந்தால் பக்கக் கதவு மூடாது. அப்புறம் கேபினெட்டின் முன்பக்கம் கம்பி வலையாக இருக்கட்டும். முழுக் கண்ணாடி முகம் வைத்த கேபினெட்டுக்குள் எந்தக் கூலரும் திணறும். வலைக்கு உள்ளே கழுவக்கூடிய ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது. வைகாசியில் தொடங்கி ஆடி வரை கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருகிறதே, அதில் பாதி ஃபில்டரோடு நின்றுவிடும். மேஜையைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள். அறையைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ஏர் கூலரைக் கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் காற்றில் அது பெரிதாகக் குளிர்ச்சியும் தராது, கரைவதற்குக் காத்திருக்கிற உப்புக்குத் தண்ணீரும் ஊற்றும்.

சுத்தம் செய்வதிலும் கடற்கரைக்கு வேறு முறை வேண்டும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் தூசி வறண்டிருக்கும், ப்ளோயர் அடித்தால் பறந்துவிடும். இங்கே தூசியில் உப்பும் ஈரமும் கலந்து பிசுபிசுப்பாகி, ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் பாய் மாதிரி படிந்து நிற்கும். ப்ளோயர் அதை அசைக்காது. ஃபேனைக் கிளிப்போடு கழற்றி, ஓரங்குல பெயின்ட் பிரஷ் வைத்து மேலிருந்து கீழாகத் தட்டி எடுக்க வேண்டும். பிரஷ் தூசியை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கூலரை முழுவதுமாகக் கழற்றி, ஃபேனைத் தனியே வைத்துவிட்டு, தகட்டுக் கோபுரத்தை மட்டும் நல்ல தண்ணீரில் முக்கி அலசுகிறேன். போர்வெல் தண்ணீர் வேண்டாம், தீவில் பல இடங்களில் அதுவே உப்பு. குடிக்கிற காவிரித் தண்ணீர் அரைக் குடம் போதும். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, தகட்டு இடுக்கில் ஈரம் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அடிப்பக்கத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்துப் பூட்டுகிறேன். துரு வரக் கூடாது என்று தகட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படகுக்கு அது சரி. இங்கே அடித்தால் தூசி அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாகக் காசு செலவில்லாத ஒரு வேலை. ரைசனில், மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங்ஸான பயாஸுக்குள் போய், கரண்டைக் குறைத்து ஓட்டுகிற ஈகோ மோடை 45 வாட்டுக்கு வைக்கலாம். இன்டெலில் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். ரெண்டர் சற்று மெதுவாகும், ஆனால் குறைந்த வாட்டுக்கு அந்தச் சின்ன நஷ்டம் தகும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஃபேன் வேகத்தையும் அதே இடத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். 60 டிகிரி வரை மெதுவாகவும் அதற்கு மேல் படிப்படியாகவும் வைத்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஃபேன் ஏறி இறங்குகிற இரைச்சல் இருக்காது.

பூட்டி முடித்த பிறகு மிச்சமிருக்கிற ஸ்க்ரூ, தாங்கி, உபரிக் கிளிப் எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, எந்தக் கூலருடையது என்று மேலே எழுதி வையுங்கள். ஏஎம்4 துளைகளும் அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டின் துளைகளும் ஒரே இடைவெளிதான். நாளைக்கு ப்ராசஸரும் போர்டும் மாறினாலும், தகடு நன்றாக இருந்தால் அதே கூலர் புது மெஷினிலும் உட்காரும். அக்கா மகன் டப்பாவில் இன்னொரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் இப்போதே வாங்கிப் போட்டிருக்கிறேன்.